கடை வாசலில் ஒரு வெள்ளை ஆம்னி

ஜூன் 24

தேர்வீதியில் கோடு போட்டுவிட்டார்கள். காலையில் கடை திறக்கப் போனால் வீதியின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கட்டங்கள். காருக்குப் பெரிது, டூவீலருக்குச் சின்னது. முக்கில் நீலப் பலகை வைத்திருக்கிறார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து வண்டி நிறுத்தினால் காசு. காருக்கு மணிக்கு இருபது ரூபாய், டூவீலருக்கு ஐந்து. கடைக்காரர்களுக்கு ஏதாவது சலுகை உண்டா என்று பலகையை இரண்டு தரம் படித்தேன். இல்லை.

என் கடை வாசலிலும் ஒரு பெரிய கட்டம் விழுந்திருக்கிறது. அளவெடுத்துத் தைத்த மாதிரி என் ஆம்னி அதற்குள் போய் நின்றது. அந்த மட்டுக்கும் திருப்தி.

'தெய்வானை மேட்சிங் சென்டர்' திறந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இந்த ஊர்ப் பெண்கள் எந்த ஊரில் சேலை எடுத்தாலும் ஜாக்கெட் துணிக்கு எங்களிடம்தான் வரவேண்டும். பெயர் என் மனைவியுடையது, கல்லா என்னுடையது. கலர் பார்க்கும் சோலியும் அவளுடையதுதான். மயில்கழுத்தில் மட்டும் ஒன்பது விதம் உண்டென்கிறாள். எனக்குத் தெரிந்து மூன்று.

இதே இருபத்தாறு வருஷமாக, முதலில் ஸ்கூட்டர், பிறகு இந்த வெள்ளை ஆம்னி, என் வண்டிதான் என் கடை வாசலில் நிற்கிறது. காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் கடை சாத்தும்போதுதான் எடுப்பேன். காரணம் எதிர்க்கடை. சௌண்டப்பனின் பட்டு மாளிகை மூன்று மாடி. அவர் கடைக்கு வருகிறவர்கள் என் வாசலில் காரை நிறுத்திவிட்டு, என் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீதியைத் தாண்டிப் போவார்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இதை வைத்துப் பெரிய சண்டையே ஆனது. அன்று என் வாசலில் நின்ற காரின் டயரில் காற்று இறங்கியதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதிலிருந்து நானும் சௌண்டப்பனும் பேசுவதில்லை.

ஜூன் 28

மகள் இந்துமதியும் மாப்பிள்ளையும் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். எங்கள் ஊர் பைபாஸில் சம்பந்தி கட்டியிருக்கும் காம்ப்ளெக்ஸில் தரைத்தளத்தில் ஒரு கடை காலியாக இருக்கிறதாம். ஐம்பது கார் நிறுத்தலாம், காசு கிடையாது.

"இனிமேல் தேர்வீதிக்கு எவனும் வரமாட்டான் மாமா. அஞ்சு நிமிசச் சோலிக்கு இருபது ரூவா குடுத்து வண்டி நிறுத்த யாருக்கு மனசு வரும்? நீங்க பைபாசுக்கு வந்துருங்க" என்றார் மாப்பிள்ளை.

அவர் சொல்வது சரியாகவும் இருந்தது, சரியாக இருப்பது பிடிக்காமலும் இருந்தது. அந்த வீதியை விட்டுவிட்டு நான் எங்கே போய் உட்காருவேன்?

தெய்வானை தோசையைத் திருப்பிக்கொண்டே ஒரே கேள்விதான் கேட்டாள். "அங்க கடைக்குள்ள வெளிச்சம் எந்தப் பக்கட்டால இருந்து வருதுங்க?"

மாப்பிள்ளை சிரித்தார். "எல்.ஈ.டி. போட்டிருக்கோம் அத்தை. பகல் மாதிரி இருக்கும்."

கடைசியில் இப்படி முடிவானது. ஆடி மாத வியாபாரத்தைப் பார்ப்போம். போன ஆடி மாதிரி ஓடினால் இங்கேயே இருப்போம். படுத்துவிட்டால் ஆவணி முதல் தேதி பைபாஸ். அதுவரை அந்தக் கடையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக இந்துமதி சொன்னாள். ஒரு மொபைல் கடைக்காரர் வேறு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

ஜூலை 1

இன்று ஆரம்பித்தது. வசூலுக்கு வந்திருப்பது ஒரு பெண். சகாயமேரி என்று பெயர், நாற்பது வயது இருக்கும். பச்சைச் சட்டை, கழுத்தில் தொங்கும் சின்ன மெஷின். பொத்தானை அமுக்கினால் சீட்டு வருகிறது. ஒன்பதே காலுக்கு என் ஆம்னி முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, எத்தன மணி நேரத்துக்குப் போடட்டும்?"

"என்ற கடை வாசல்ல என்ற வண்டி நிக்குது. இதுக்கு எதுக்கு சீட்டு?"

"கடை உங்குளுதுங்ணா. வீதி ஊருதுங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள், அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. வண்டியை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எதிரே பட்டு மாளிகைப் படியில் சௌண்டப்பன் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "சாயங்காலம் வரைக்கும் போடு" என்றேன்.

இது கட்டணம் அல்ல, எதிர்ப்பு. எவ்வளவு கேட்டாலும் நான் அசையமாட்டேன் என்று நகராட்சிக்குத் தெரியவேண்டும்.

ஜூலை 2

எதிர்ப்பு தொடர்கிறது.

ஜூலை 5

வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. போன மாதம்வரை முட்டி மோதிக்கொண்டிருந்த இடத்தில் இன்று மாடு படுத்திருந்தது. சகாயமேரி அதற்குச் சீட்டுப் போடவில்லை.

வந்த ஒன்றிரண்டு பேரும் நிற்பதில்லை. ஸ்கூட்டியில் ஒரு டீச்சர் வந்தார். அரக்கு பார்டர், வெங்காயக் கலர் சேலை. தெய்வானை நான்கு துணி எடுத்துப் போட்டு, எப்போதும்போலச் சேலையையும் துணியையும் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்துக் கொடுப்பது அவளுக்கு ஆகாது. வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் கலர் உண்மையைச் சொல்லும் என்பாள். வாசலில் ஆம்னி வெயிலை மறைத்து நிற்பதால் அதைச் சுற்றிக்கொண்டு வீதிக்கே இறங்கவேண்டும். இருபத்தாறு வருஷப் பழக்கம், அவளுக்கு அது ஒன்றும் சிரமமில்லை.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, அடுத்த மணி நேரம் ஆரம்பிச்சுரும். பொறகு வர்றேனுங்க." போய்விட்டார். ஐந்து ரூபாய்க்குப் பயந்து ஒரு ஜாக்கெட் துணி வியாபாரம் கைவிட்டுப் போனது.

ஜூலை 9

வியாபாரிகள் சங்கக் கூட்டம். நான் செயலாளர், சௌண்டப்பன் தலைவர். நாங்கள் பேசிக்கொள்ளாததால் பொருளாளர் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கம் சொல்வார். மூன்றடி தூரத்தில் இருப்பவருக்கு அவர் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆனாலும் சங்கம் ஒழுங்காகத்தான் நடந்துவருகிறது.

கட்டணத்தை எடுக்கச்சொல்லி மனு கொடுக்கவேண்டும் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். சௌண்டப்பன் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"மனு குடுக்கறது இருக்கட்டுங்க. மொதல்ல கடைக்காரங்க நம்ம வண்டிகள வீதியில நிறுத்தறத உடோணும். காலைல நாம வந்து எடத்தப் புடிச்சுட்டா, காசு குடுக்கறேன்னு வர்றவங்களும் எங்க நிறுத்துவாங்க? ரயில்வே ஸ்டேசன் பக்கத்துல காலியிடம் கெடக்குது. அங்க போட்டுட்டு நடந்து வரலாமுங்க."

பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் பேசுவதில் அவர் கெட்டிக்காரர். காலை முதல் சாயங்காலம்வரை அந்த வீதியில் நிற்கும் வெள்ளை ஆம்னி வேறு யாருடையது? "இது தனிப்பட்ட தாக்குதல்" என்று பொருளாளரிடம் சொன்னேன். அவர் அதை அந்தப் பக்கம் சொல்லவில்லை, டீயைக் குடித்தார்.

ஜூலை 13

ஞாயிற்றுக்கிழமை. பைபாஸ் போய்க் கடையைப் பார்த்தோம். நல்ல கடைதான், பொய் சொல்லக்கூடாது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., பளபளவென்று தரை. வாசலில் கார் நிறுத்த மைதானம் மாதிரி இடம். என் ஆம்னி அதில் தனியாக நின்றது, பார்க்கவே பாவமாக இருந்தது.

தெய்வானை பையிலிருந்து இரண்டு துண்டுத் துணி எடுத்தாள். கடையிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. இரண்டையும் விளக்குக்குக் கீழே பிடித்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத் தெரியுதுங்களா?"

"ஒண்ணுதானே?"

"ஒண்ணு ராமர் பச்ச, ஒண்ணு மயில்கழுத்து."

வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்றால் வாசலும் காம்ப்ளெக்ஸுக்கு உள்ளேதான் இருக்கிறது. வெயிலைப் பார்க்க இரண்டு திருப்பம் திரும்பி நடக்கவேண்டும். அவள் துணியை மடித்துப் பையில் வைத்தாள். திரும்பி வரும்போது சந்தைக்கடையில் கொத்தவரங்காய் வாங்கினாள். கூடவே கத்திரிக்காயும் முருங்கைக்காயும் இரண்டு பை நிறைய. மனதுக்குள் எதையோ முடிவு கட்டினால் அவள் காய்கறி நிறைய வாங்குவாள்.

ஜூலை 17

ஆடி ஒன்று. பட்டு மாளிகை வாசலில் பந்தல், ஒலிபெருக்கி, 'ஆடித் தள்ளுபடி' என்று ஆள் உயரத்துக்குத் துணி பேனர்.

ஒன்று கவனித்தேன். கார்கள் வருகின்றன. பயந்த மாதிரி வீதி காலியாகவே இருந்துவிடவில்லை. முன்பெல்லாம் காரில் வருகிறவர்கள் வீதியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு இடமில்லாமல் திட்டிக்கொண்டே போவார்கள். இப்போது நேரே வருகிறார்கள், கட்டத்தில் நிறுத்துகிறார்கள், சீட்டு வாங்கிக்கொண்டு கடைக்குள் போகிறார்கள். ஒரு கார் எடுத்தால் இன்னொன்று வருகிறது. பாத்திரக்கடையிலும் செருப்புக்கடையிலும்கூட ஆள் தெரிகிறது.

எங்கள் வாசலை மட்டும் யாரும் தொடவில்லை. அந்த வகையில் நான் கொடுக்கும் காசு வீண்போகவில்லை.

சகாயமேரி இன்று சீட்டைக் கொடுக்கும்போது, "இந்த வீதியிலயே நீங்கதானுங்ணா என்ற நிரந்தரக் கஸ்டமர்" என்றாள். தெய்வானை உள்ளே திரும்பி நின்றுகொண்டாள். முதுகு குலுங்கியது.

எங்கள் கடையில் மட்டும் கூட்டமில்லை. ஏனென்று புரியவில்லை.

ஜூலை 22

கையெழுத்து இன்று கோணலாக வருகிறது. பரவாயில்லை.

மத்தியானம் ஒரு பாட்டியம்மாவும் மருமகளும் வந்தார்கள். கத்திரிப்பூக் கலர் சேலை. தெய்வானை துணியோடு ஆம்னியைச் சுற்றி வீதிக்குப் போனாள், எப்போதும்போல. வீதியில் இப்போது நெரிசல் இல்லாததால் டூவீலர்கள் பறக்கின்றன. ஆம்னிக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்ததை பைக்கில் வந்த பையன் பார்த்திருக்க வழியில்லை. பிரேக் சத்தம் கேட்டது. கல்லாவிலிருந்து நான் எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. சேலை மட்டும் ரோட்டில் கிடந்தது, அவள் அதைத்தான் முதலில் எடுத்து உதறினாள். நான் பையனைக் கத்தித் தீர்த்துவிட்டேன். அவன், "வேனுக்குப் பொறகால இருந்து வந்தா எப்படீங்க தெரியும்?" என்றான். அதற்கும் கத்தினேன். சகாயமேரிதான் தண்ணீர் கொண்டுவந்தாள், தெய்வானைக்கு இல்லை, எனக்கு.

எதிர்ப்படியிலிருந்து சௌண்டப்பன் நான்கு படி இறங்கி வந்தார். நான் பார்த்ததும் நின்றுவிட்டார்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது தெய்வானைதான் சோறு போட்டாள். முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். இவள் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தேன். அதை இங்கே எழுதத்தான் முடிகிறது, சொல்ல வரவில்லை. "இந்தக் காலத்துப் பசங்க வண்டி ஓட்டறதே சரியில்லை" என்றேன். அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

ஜூலை 23

ஆம்னி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் முனகல்கூட இல்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அவர் ஊர் நோம்பிக்குப் போயிருக்கிறார், திருவிழா முடிந்து திங்கட்கிழமைதான் வருவாராம்.

"அதனால என்னுங்க, பஸ்ல போலாம்" என்றாள் தெய்வானை. அதற்குள் அவள் சில்லறை எடுத்து வைத்திருந்தாள்.

ஜூலை 24

அக்கிரமம். கடை வாசலில், என் கட்டத்தில், நீலக் கார். தாராபுரத்துக்காரர்கள். ஆறு பேர் இறங்கினார்கள். ஆறு பேரும் என் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே பட்டு மாளிகைக்குள் போனார்கள். இதற்குத்தான் இருபத்தாறு வருஷம் நான் காவல் இருந்தேன்.

சகாயமேரியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்.

"சீட்டுப் போட்டிருக்காங்கண்ணா. ரெண்டு மணி நேரத்துக்கு இந்த எடம் அவங்குளுது."

அவர்கள் திரும்பிவந்தபோது கேட்டுவிடலாம் என்று வாசலில் நின்றேன். ஆளுக்கு ஒரு பை. கல்யாண ஜவுளி போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் தெய்வானை எனக்கு முன்னால் வந்தாள்.

"சேல எடுத்தாச்சுங்களா? சந்தோசமுங்க. எங்க காட்டுங்க, என்ன கலருன்னு பாக்கலாம்."

கார்க்கதவைத் திறந்த பெண் கதவை மூடினாள். சேலையை எடுத்துக் காட்டினாள். "ஜாக்கெட் துணி வெச்சுதான் வருதுங்க. ஆனா எங்கம்மாவுக்கு அது சேராதுங்க, வேற எடுக்கோணும். இங்க கெடைக்குமுங்களா?"

கெடைக்குமுங்களா என்று எங்களைக் கேட்கிறாள்! பலகையில் ஒன்றரை அடி எழுத்தில் எழுதியிருக்கிறது. இத்தனை நாள் அது ஆம்னிக்கு மேலே தலையை மட்டும்தான் நீட்டிக்கொண்டிருந்தது என்றாள் தெய்வானை. அது வேறு விஷயம்.

எட்டு ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், நூல் எல்லாம் எடுத்தார்கள். கார் ஆம்னி மாதிரி உயரமில்லை, காருக்கும் கடைக்கும் நடுவில் இருந்த நாலடி இடத்தில் வெயில் விழுந்தது. தெய்வானை அங்கேயே நின்று வெயிலில் பிடித்துக் காட்டினாள். வீதிக்கு இறங்கவேண்டியிருக்கவில்லை. தாராபுரத்துக்காரர்கள் ராசியானவர்கள்.

ஜூலை 26

நேற்றும் இன்றும் நல்ல ஓட்டம். வாசலில் ஒரு கார் போனால் இன்னொரு கார். எல்லோரும் எதிர்க்கடைக்குத்தான் போகிறார்கள். திரும்பி வரும்போது எங்கள் கடை கண்ணில் படுகிறது. சிலர் ஒரு மணி நேரச் சீட்டு முடியப்போகிறதென்று பதறுகிறார்கள். தெய்வானை அவர்களிடம், "இன்னொரு மணி நேரம் போட்டுக்குங்க, அந்தக் காச நான் துணியில கழிச்சுக்கறேன்" என்கிறாள். பதற்றம் போய்விடுகிறது, இன்னும் இரண்டு துணி சேர்த்து எடுக்கிறார்கள்.

இது ஏன் என்று யோசித்தேன். மூன்று நாளைக்கு முன்னால் சாமி படத்துக்குப் புது விளக்கு மாட்டினோம். அதுவாக இருக்கலாம்.

கார் இல்லாத இடைவெளியில் கடைக்குள் வெயில் வந்தது. கல்லாவரை வந்து என் கைமேல் விழுந்தது. இந்தக் கடைக்குள் வெயில் வருமென்று எனக்குத் தெரியாது.

ஜூலை 28

மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேட்டரி ஒயரு கழண்டிருக்குதுங்க."

"எலி கடிச்சிருக்கும்."

"எலி ஸ்பானர் புடிச்சு நட்டக் கழட்டி, அத தொலையாம மூலையில வெச்சுட்டுப் போகுமுங்களா?"

வாயாடி மனிதர். நம் ஊர் ரோட்டுக்கு நட்டு தானாகக் கழன்றிருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். சமையலறையில் தெய்வானைக்கு அடக்கமுடியாத இருமல். வெந்நீர் குடிக்கச் சொன்னேன்.

ஜூலை 29

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வியாபாரம் மந்தம். செவ்வாய்க்கிழமை யார் துணி எடுப்பார்கள்.

ஜூலை 30

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மந்தம். புதன்கிழமையும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஜூலை 31

பஸ்ஸில் போனோம். இந்த வயதில் வண்டி ஓட்டினால் முழங்காலுக்கு ஆகாது. நானாக எடுத்த முடிவு.

வியாழக்கிழமை நன்றாக ஓடுகிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. ஆற்றுக்குப் போய்விட்டு வந்த கூட்டமெல்லாம் வீதியில். காலையில் திறந்த கடையில் சாயங்காலம்வரை உட்கார நேரமில்லை. நான் கல்லாவை விட்டு இறங்கி லைனிங் துணி கிழித்துக் கொடுத்தேன். மாம்பழ மஞ்சளும் வெந்தயக் கலரும் ஒன்றென்று நினைத்து மாற்றிக் கிழித்துவிட்டேன். தெய்வானை திட்டினாள். மூன்று பேர் முன்னால் வாங்கிய திட்டு, ஆனாலும் அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் வாசலில் வெயிலில் நிற்கிறாள். சுற்றி நாலைந்து பெண்கள். ஒருத்தியின் சேலைக்கு இன்னொருத்தி அபிப்பிராயம் சொல்கிறாள். அதைப் பார்த்து வீதியில் போகிறவர்கள் என்ன கூட்டமென்று வருகிறார்கள். அந்த இடத்தில் நான் என்னவெல்லாம் நிறுத்தி வைத்திருந்தேன் என்று ஒரு நிமிஷம் நினைப்பு ஓடியது. அதற்குள் ஃபால்ஸ் கேட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 8

சங்கத்து மனுவில் கையெழுத்து வாங்கப் போனால் யாரும் போடுவதில்லை. "கொஞ்ச நாள் பாக்கலாமுங்க" என்கிறார்கள். செருப்புக்கடைக்காரர் முகத்துக்கு நேரே சிரித்தார். மளிகைக்கடைக்காரர் மட்டும் போட்டார், அவருக்கு உண்மையிலேயே அடிதான். அரைக் கிலோ பருப்புக்கு வருகிறவன் ஐந்து ரூபாய் கொடுத்து நிற்கமாட்டான். பதினைந்து நிமிஷத்துக்குக் காசில்லை என்று வைத்தால் அவர் பிழைத்துக்கொள்வார். மனுவில் மற்றதையெல்லாம் அடித்துவிட்டு அதை மட்டும் எழுதினேன். தலைவர் கையெழுத்துக்குப் பொருளாளரிடம் கொடுத்தனுப்பினேன். உடனே போட்டு அனுப்பிவிட்டார். முதல் தடவையாகத் திருத்தமே இல்லை.

ஆகஸ்ட் 14

சௌண்டப்பன் வந்தார்.

மத்தியானம் கூட்டமில்லாத நேரம். பட்டு மாளிகைப் படியிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, வீதியைத் தாண்டி நேரே என் கடைக்குள் வந்தார். பதினொரு வருஷத்தில் தலை முழுக்க வெளுத்துவிட்டது. எதிரே இருந்துகொண்டும் நான் அதைப் பார்க்கவில்லை. பொருளாளர் இல்லாததால் யார் முதலில் பேசுவதென்று தெரியவில்லை.

தெய்வானை ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் துணி அடுக்கைப் பார்த்தே பேசினார். "பைபாசுக்குப் போறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. நெசந்தானுங்களா?"

"ஆடி முடியட்டும்னு இருக்கறனுங்க."

"நீங்க போயிட்டா நான் என்னுங்க பண்றது? என்ற கடையில சேல எடுத்துட்டு மேட்சிங்குக்குக் கோயமுத்தூர் போறவங்க, அடுத்த தடவ சேலையவே அங்க எடுத்துப் போடறாங்க. இத்தன வருசமா எத்தனையோ பேர் அப்படிப் போயிட்டாங்க. எதுத்தாப்புலயே இருக்குதுன்னு நான் சொல்லலாம். ரோசம், சொல்லல. இப்ப இந்த இருபது நாளாத்தான் அவங்களே வந்து சொல்றாங்க, எதுக்கால நல்ல கடை இருக்குதுன்னு."

இத்தனை வருஷமாக இவர் கடைக்கு வருகிறவர்களை நான் விரட்டியிருக்கிறேன். அவர்கள் கையில் இருந்ததெல்லாம் ஜாக்கெட் துணி எடுக்காத புதுச் சேலை. டீ சொன்னேன். இரண்டு டீ. வந்ததும் ஆறுவதற்குள் குடித்தோம்.

போகும்போது, "அந்த டயரு..." என்று ஆரம்பித்தார்.

"காத்து தானா எறங்குனதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடை அதிரச் சிரித்தோம், தெய்வானை நூல் டப்பாவைக் கீழே போட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 16

ஆடி முடிந்தது. போன ஆடியைவிட ஓட்டம் அதிகம் என்று சொல்லக் கணக்குப் பார்க்கவேண்டியதில்லை. ராமர் பச்சை தீர்ந்துவிட்டது, கத்திரிப்பூ தீர்ந்துவிட்டது, லைனிங் இரண்டு தடவை வரவழைத்தோம்.

சாயங்காலம் இந்துமதிக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்வதென்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். சம்பந்தி வருத்தப்படக்கூடாது, மாப்பிள்ளையின் நல்ல மனதையும் மெச்சவேண்டும்.

"அம்மணி, நல்லா யோசிச்சுப் பாத்தேன். நாங்க பைபாசுக்கு வரலை. நீங்க இத்தன நாள் கடைய வெச்சிருந்ததுக்கு..."

"எந்தக் கடைங்ப்பா?"

"பைபாஸ் கடை."

அந்தப் பக்கம் இந்துமதி சிரித்தாள். "அத ஜூலை மாசமே மொபைல் கடைக்குக் குடுத்தாச்சுங்ப்பா. அம்மா சொல்லலையா?"

"என்ன சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் வந்து பாத்துட்டுப் போனீங்க பாருங்க, அதுக்கு மக்கியா நாளே அம்மா போன் போட்டுட்டாங்க. நாங்க வரலை, கடைய யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு. அப்பாகிட்ட சொல்ல வேண்டாம், அவரே வந்து சொல்லுவாருன்னாங்க."

போனை வைத்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்தேன். ஜூலை பதினான்கு. ஆடி பிறக்கவே இல்லை. வாசலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். போக்கிடம் இருக்கிறதென்று நான் தைரியமாக இருந்த ஒரு மாதமும் எங்களுக்குப் போக்கிடமே இருந்திருக்கவில்லை. கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இந்தப் பெண்பிள்ளையோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்துவிட்டேன் என்ற பெருமைதான் வந்தது.

சமையலறை வாசலில் போய் நின்றேன். தெய்வானை நாளைக்குக் காய் அரிந்துகொண்டிருந்தாள். முழங்கையில் அந்தச் சிராய்ப்பு ஆறி, தோல் வெளுத்திருந்தது.

"ஏம்புள்ள, ஆடி வியாபாரம் படுத்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவள் நிமிரவில்லை.

"படுக்க உட்டிருவனுங்களா?" என்றாள்.

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பாதிக் காயை அரிந்துகொடுத்தேன்.